படி இல்லாத வீடுகள்

தம்பி,

தஞ்சாவூர்க் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்கு ஏறினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உன் அப்பா வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் நான் கத்துவேன், நீ ‘அம்மா, பி.பி. ஏறிடும்’ என்று பேச்சை மாற்றுவாய். வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் கத்திப் பழகியவளுக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அன்றைக்குத்தானே நம் காலனியின் சமுதாயக்கூடத்தில் உன் வரைபடத்தை விரித்து, தெருவின் சம்மதத்தைக் கேட்கப் போகிறாய்? சம்மதம் கிடைத்துவிடும். அடுத்த வாரமே பழைய வீடுகளை இடிக்க வண்டி வந்து நிற்கும். கிடைத்துவிடும் என்பதுதான் என் துக்கம்.

அன்று நீ நன்றாகவே பேசினாய். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல வாத்தியார் யார் என்று எனக்குத் தெரியும். ஐரோப்பாவில் வெள்ளை வெளேரென்று நின்ற தட்டைக்கூரை வீடுகளைத் திரையில் காட்டினாய். அமெரிக்காவில் ஏழைகளுக்கென்று அடுக்கடுக்காகக் கட்டிய குடியிருப்பை, கட்டி இருபது வருடம் ஆவதற்குள் வெடிவைத்துத் தகர்த்த படத்தைக் காட்டினாய். புகை எழுந்த அந்த நேரத்தில்தான் நவீனக் கட்டடக்கலை செத்தது என்று ஒரு விமர்சகர் எழுதினார் என்றாய். அடுத்து திரையில் வந்தது நம் வீடு. கொடியில் என் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. ‘அந்தச் செத்த இயக்கம் காவிரிக் கரையில் விட்டுப்போன பெட்டி இது. மொட்டை மாடி கொடுத்தவர்களுக்கு அதில் ஏறிப்போக வழி கொடுக்கத் தெரியவில்லை. இறக்குமதி செய்த கொள்கை இப்படித்தான் இருக்கும்’ என்றாய். கூட்டம் சிரித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைத் தொட்டு, “நல்லா பேசுறாருங்க” என்றார். அந்தப் புடவைக்காரி நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ நம் தெருவுக்கென்று வரைந்திருக்கும் புது வீடு வந்தது. சரிவான நாட்டு ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண்கள். ‘மண்ணின் கட்டடக்கலை’ என்றாய். எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். எல்லோரும் எழும்போது முன்வரிசையில் ஒருத்தி உட்கார்ந்திருக்க முடியுமா?

காரில் திரும்பும்போது உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா?

“புது வீட்டுப் படத்துல படி எங்கடா?”

“எந்தப் படி?”

“மேல ஏறுற படி.”

நீ சிரித்தாய். “மாடியே இல்லையேம்மா, படி எதுக்கு? ஓட்டு மேல ஏறிப் போயி என்ன பண்ணப் போற?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாபநாசம் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்து நீ பாட்டைக் குறைத்தாய். நல்ல பிள்ளைதான் நீ. ஆனால் அந்தக் கேள்வியை, அதே சிரிப்போடு, உனக்கு முன்பே ஒருவர் நம் தெருவில் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நீ கட்டடக்கலை படித்த வருடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் படித்த வருடங்கள். லீவில் வந்தால் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து சாக்பீஸால் வரைந்துகொண்டே பேசுவாய். நான் சரித்திர டீச்சர். ராஜாக்கள் கட்டிய கோயிலும் கோட்டையும்தான் என் பாடத்தில் கட்டடம். கூலிக்காரன் படுத்த இடத்துக்கும் சரித்திரம் உண்டு என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முதல் உலகப் போர் முடிந்து, இருக்க வீடில்லாமல் நகரங்கள் தவித்தபோது, சில பேர் தொழிலாளிக்கும் வெயிலும் காற்றும் வேண்டும் என்று யோசித்தார்கள் என்றாய். பூவேலை வேண்டாம், பிரபுவின் மாளிகையைப் பார்த்துச் சின்னதாகச் செய்த போலி வேண்டாம், ஒரு மனிதன் படுக்க, சமைக்க, குளிக்க எவ்வளவு இடம் தேவை என்று முதலிலிருந்து கணக்குப் போடுவோம் என்றார்களாம். வீடு தரையில் பிடித்துக்கொண்ட இடத்தைத் தட்டைக்கூரை மேலே திருப்பிக் கொடுத்துவிடும், அங்கே மனிதர்கள் உலாவலாம், செடி வளர்க்கலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். அதைக் கேட்டதும், சோறு பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

இன்னொரு நாள் ஜெர்மனிக் கதை சொன்னாய். ஒரே தெருவில் ஒரு பக்கம் தட்டைக்கூரை வீடுகள், எதிர்ப்பக்கம் சரிவுக்கூரை வீடுகள், இரண்டுக்கும் நடுவே பெரிய வாய்ச்சண்டை. பின்னால் ஆட்சிக்கு வந்தவர்கள், சரிவுக்கூரைதான் எங்கள் மண்ணின் கூரை, தட்டைக்கூரை அந்நியன் கூரை என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். “கூரைக்கா சண்டை போட்டாங்க?” என்று உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூரைக்காகச் சண்டை போட்ட தெருவில் பிறந்தவள் நான்.

நம் தெரு அப்போது கீற்றுக் குடிசைகள்தான். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட வருடம் அது. பண்ணை மறுத்தது. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுவடையை முடிக்கப் பார்த்தது. நம் ஆட்கள் கொடியோடு வரப்பில் போய் நின்றார்கள். பெண்களும் நின்றோம். அந்த மத்தியானம் தெரு எரிந்தது. ஒரு முனையில் பிடித்த தீ மறுமுனைக்குப் போக, ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடி வரும் நேரம்கூட ஆகவில்லை. கட்டிப்போட்டிருந்த ஆடுகள் போயின. மனிதர்கள் எல்லோரும் வயலில் இருந்ததால் பிழைத்தோம். அடுப்பு நெருப்பு என்று விசாரணையில் முடிவாயிற்று. வேலை நிறுத்தத்தில் இருந்தோம் தம்பி. உலை வைக்க அரிசி இருந்த வீடு ஒன்றுகூட அந்தத் தெருவில் இல்லை.

சென்னையில் ஆட்சி மாறிப் புதுக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். குடிசையே இல்லாத நாடு என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் சாம்பலையும் பார்க்க ஒரு மந்திரி வந்தார். தீப்பிடிக்காத வீடு தருகிறோம் என்றார். என்ன அழகான தமிழ்! நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கேட்டுக்கொண்டே அழுதேன். கொஞ்ச நாளில் ஓவர்சியர் வந்து மாரியம்மன் கோயில் திடலில் நீல வரைபடத்தை விரித்தார். இது அறை, இது அடுப்படி, இது ஜன்னல் என்று பென்சிலால் காட்டினார். பக்கச் சுவரை ஒட்டிக் கோடு கோடாக ஏறிப்போனதைக் காட்டி, “இது மேல போற படி” என்றார். நாங்கள் குனிந்து குனிந்து பார்த்தோம். மேலே போவதற்கு எங்களுக்கு ஒரு படி! அதை எங்கேயோ ஓர் அலுவலகத்தில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து வரைந்திருந்தார். உன் ஐரோப்பியர்களின் புத்தகத்தைப் படித்தவரோ என்னவோ, அவருக்குத் தெரிந்திருந்தது. ஏறிப்போக வழி கொடுக்கத் தெரியவில்லை என்று நீ மேடையில் சிரித்தபோது, அந்த முகம் தெரியாத மனிதருக்காக எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாம் முறை ஓவர்சியர் வந்தபோது கூடவே பண்ணையின் காரியஸ்தரும் வந்தார். வரைபடமும் வேறாக இருந்தது. உன் தாத்தா, என் அப்பா, முன்னால் வந்தார்.

“அய்யா, போன தடவ காட்டுனதுல படி இருந்துச்சே. இப்ப படி எங்கங்க?”

ஓவர்சியர் சிரித்தார். “கூரை மேல ஏறிப் போயி நீங்க என்னய்யா பண்ணப் போறீங்க?”

“நெல்லு காய வைக்கலாங்க. பொண்டு புள்ளைங்க காத்தாட உக்காரலாங்க.”

“நெல்ல ரோட்டுல காயப் போடு. எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க?”

காரியஸ்தர்தான் போட்டு உடைத்தார். “மேல ஏறி நின்னா பண்ணை வீட்டுக் கொல்லை தெரியும். பொம்பளைங்க குளிக்கிற எடம். ஆண்டைக்கு இஷ்டமில்ல. படிதான் வேணும்னு நின்னீங்கன்னா இந்த வீடெல்லாம் வேற ஊருக்குப் போயிடும், அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது. படி இல்லாட்டியும் வீடு போதும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. சாம்பலில் சாக்கை விரித்துப் படுத்துக்கிடந்தவர்களின் கைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவற்றில் ஒன்று என்னுடையது. உன் தாத்தா மட்டும் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மகள் கை தூக்கியதைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

வீடு வந்தது. பயிருக்கு ஆகாத பள்ளத்தில்தான் மனை கொடுத்தார்கள், ஆனாலும் வீடு வந்தது. கூரையைத் தட்டிப் பார்த்தோம். தீக்குச்சியைக் கிழித்துச் சுவரில் வைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. உன் தாத்தா வாய்க்கால் கரை மூங்கிலை வெட்டி ஓர் ஏணி கட்டினார். தெருவுக்கே அந்த ஓர் ஏணிதான். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கூலி நெல் கூரையில் காய்ந்தது. சாயங்காலம் பெண்கள் மேலே ஏறி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டோம். பண்ணை வீட்டுக் கொல்லையை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நாங்கள் பார்த்தது வயலை. அவ்வளவு நாள் குனிந்து நாற்று நட்ட வயலை அன்றுதான் மேலிருந்து பார்த்தோம். அது அத்தனை பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் பண்ணை ஆட்கள் வந்து ஏணியை ஒடித்துப் போட்டார்கள். உன் தாத்தா போய் அடுத்த மூங்கிலை வெட்டினார். நீ பாடமாகச் சொன்ன அந்தக் கூரைத் தத்துவத்தை அவர் படித்ததில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தை அந்த வட்டாரத்திலேயே நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு வேலை உத்தரவு வந்த வருடம், ஐப்பசியில், குடமுருட்டி கரை உடைத்துக்கொண்டது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் தண்ணீர் நெளிந்து வந்தது. முகம் கழுவி முடிப்பதற்குள் முழங்கால். பள்ளத்துத் தெரு அல்லவா, நாலா பக்கத்துத் தண்ணீரும் நம்மிடம்தான் வரும். கொல்லையில் படுத்திருந்த ஏணிதான் முதலில் மிதந்து போனது. மேலே தீப்பிடிக்காத, தண்ணீர் எட்டாத கூரை. கீழே இடுப்பளவு தண்ணீர். நடுவில் ஒன்றுமில்லை. அப்போது உன் தாத்தா நம் வீட்டுப் பக்கச் சுவரில், முதல் வரைபடத்தில் அந்தப் படி இருந்த அதே இடத்தில், முதுகைக் கொடுத்து நின்றார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை முதலில் ஏற்றினார். அவர் தொடையில் ஒரு கால், தோளில் ஒரு கால், அங்கிருந்து ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடு, அங்கிருந்து கூரை. பிறகு பெண்கள். பிறகு நடக்க முடியாத ஒரு கிழவரை அவரே தூக்கி மேலே தள்ளினார். என் முறை வந்தபோது நான் தயங்கினேன். பெற்றவர் தோளில் கால் வைப்பதா என்று நின்றுவிட்டேன்.

“ஏறு புள்ள,” என்றார். “கவருமெண்டு குடுக்காத படி இதுதான். ஏறு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். எல்லோரும் ஏறியாயிற்று. தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் படியாக நின்றவருக்கு ஏற ஒரு படி இல்லை. புடவைகளை முறுக்கிக் கீழே விட்டோம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எம்பி சன்ஷேடில் கை வைத்தார். சன்ஷேடு பிய்த்துக்கொண்டு அவரோடு விழுந்தது. அதில் சிமெண்டைவிட மணல்தான் அதிகம். அவ்வளவுதான். நாங்கள் அத்தனை பேரும் மேலே நின்று கத்தினோம். தண்ணீர் வடிந்த பிறகு அடுத்த ஊர் நாணல் புதரில் கிடைத்தார்.

‘தாத்தா வெள்ளத்துல போயிட்டாரு’ என்று மட்டும் சொல்லி உன்னை வளர்த்தேன். படியாக நின்றார் என்று சொன்னால், படி ஏன் இல்லை என்று நீ கேட்பாய். கை தூக்கிய கதையைச் சொல்ல வேண்டிவரும். அந்தக் கைக்காரர்களின் மடியில்தான் நீ வளர்ந்தாய். அவர்களை நீ மாமா, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கான்கிரீட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்காதே. சித்திரையில் இந்த வீட்டுக்குள் படுத்தால் இட்லிப் பானைக்குள் படுத்த மாதிரி இருக்கும். கம்பி துருத்தி, உப்பி, மேல்பூச்சு பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. மழை வந்தால் உன் அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுகும் இடத்தையெல்லாம் தேடிப் போகிறார். இடிக்க வேண்டிய வீடுதான். தொழிலாளிக்கு வெயிலும் காற்றும் என்று எங்கேயோ கிளம்பிய அந்தப் பெரிய எண்ணம், எங்கள் பள்ளத்துக்கு வந்து சேர்வதற்குள் வழியில் இருந்த ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் படியை எடுத்தார், ஒருவர் சிமெண்டை எடுத்தார், ஒருவர் மேட்டு நிலத்தை எடுத்தார். மீந்ததைத்தான் நீ படம் பிடித்துத் திரையில் போட்டாய். அமெரிக்காவில் அது செத்த அந்த வருடங்களில்தான் இங்கே எங்களுக்கு அது பிறந்தது. செத்ததைத்தான் பெற்று இத்தனை வருடம் மடியில் வைத்துக்கொண்டிருந்தோமோ என்று இப்போது தோன்றுகிறது.

உன் புது வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த முற்றமும் தூணும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். பண்ணை வீட்டை வெளியூர்க்காரர் வாங்கி விடுதியாக்கியபோது, உன் மாணவர்களைக் கூட்டிவந்து அதை அங்குலம் அங்குலமாக அளந்தாய். சாயங்காலம் வந்து, “மழைத்தண்ணி நேரா முற்றத்துலயே விழுதும்மா, என்னா அழகு தெரியுமா?” என்றாய். எனக்குத் தெரியாது தம்பி. உன் தாத்தாவுக்கும் தெரியாது. அவர் அந்த வீட்டின் கொல்லைப்புறம் வரை போவார், கூலி நெல்லைத் துண்டில் வாங்கிக்கொண்டு திரும்புவார். மேடையில் ‘நம் மரபு’ என்றாயே, அந்த ‘நம்’முக்குள் எங்களை எப்போது சேர்த்தார்கள்? மண்ணின் கூரை, மண்ணின் வீடு என்கிறாய். மண்ணில் நின்றவர்கள் நாங்கள். எங்கள் கூரை எரிந்துபோன கீற்று. ஜெர்மனிக்காரர்களின் கதையைச் சொன்ன பிள்ளைக்கு, ‘மண்ணின்’ என்று யாராவது ஆரம்பித்தால் யாருடைய மண் என்று கேட்கவேண்டும் என்பது எப்படி மறந்துபோனது? இன்னொன்றும் சொல்கிறேன். நீ அளந்த அந்தப் பண்ணை வீட்டுக்கு மாடி இருக்கிறது. மாடிக்குத் தேக்குமரப் படி இருக்கிறது. ஓடு, முற்றம், தூண் எல்லாவற்றையும் அங்கிருந்து எங்களுக்குக் கொண்டுவந்தாய். படியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டாய்.

தரைமட்டத்தை உயர்த்தியிருக்கிறேன், வெள்ளம் வந்தாலும் உள்ளே வராது என்று நீ சொல்வாய். உன் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. உன் கணக்கு எங்கள் பள்ளத்துக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதுதான் சந்தேகம். ஒரு வரிசைச் செங்கலை யாராவது குறைப்பார்கள். தண்ணீர் உள்ளே வரும் அன்றைக்கு ஓட்டின் மேல், அந்தச் சரிவில், குழந்தையை இடுக்கிக்கொண்டு யார் நிற்பது?

போன வாரம் தெருவில் இரண்டு பேரிடம் பேச்சைத் தொடங்கிப் பார்த்தேன். “என்னா டீச்சர், நம்ம புள்ள வரைஞ்சிருக்கு. வெளியூரெல்லாம் அத மெச்சுது. அதுல போயி குத்தம் பாப்பாங்களா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அன்று உன் தாத்தா தோளில் ஏறிப் பிழைத்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி. அவளுக்கே அது நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்பாய், கைகள் எழும். அன்று பயத்தில் எழுந்த கைகள் இப்போது பாசத்தில் எழும். பயத்தை எதிர்த்தாவது ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாசத்தை எதிர்த்து, பெற்ற பிள்ளைக்கு எதிரில், ஊர் பார்க்க எழுந்து நிற்க எனக்கு வலு இல்லை. நின்று, நீ தலை குனிந்தால், அதை என்னால் பார்க்க முடியாது. இத்தனை போராட்டம் எதற்கு என்றால், நம் தெருப் பிள்ளை ஒருவன் அந்த நீல வரைபடத்தை வரையும் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்பதற்குத்தான். போய் உட்கார்ந்துவிட்டாய். அங்கேயிருந்தும் படி வரவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ மாற்றுவாய் என்று நம்பி இதை எழுதவில்லை. ஓட்டுக்குச் சொல்லியாயிற்று, வேலை உத்தரவு வந்தாயிற்று என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். என் முழங்காலுக்கு இனிப் படி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரே ஒரு காரியம் செய். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்துக்குப் போகுமுன் வீட்டுக்கு வா. பக்கச் சுவர் ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடு பிய்ந்த இடத்தில், ஒரு துருக்கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலில் ஏறிப் பையைத் தூக்கி மாட்டுவாயே, அந்தக் கம்பி. மாட்டும்போதெல்லாம் நான் பாய்ந்து வந்து கத்துவேன். ஒரு பைக்கு ஏன் இத்தனை கத்தல் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அந்தக் கம்பிக்குக் கீழே, சுவரில் முதுகைக் கொடுத்து நில். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காரில் கேட்டதையே திரும்பக் கேட்பேன். படி எங்கடா என்பேன். காரில் சொன்ன பதிலையே, அதே மாதிரிச் சிரித்துக்கொண்டு, அங்கே நின்று சொல். உன்னால் சொல்ல முடிந்தால், உன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நானும் வருகிறேன். எல்லோருக்கும் முன்னால் என் கையைத் தூக்குகிறேன்.

அம்மா